டீச்சருக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

எழுத உட்காருவதற்கு எனக்கு ஒரு தகுதியும் இல்லை. படிக்கிறவர்கள் முதலிலேயே மன்னித்துவிட வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நகரிக்குப் பக்கத்தில் பவர்லூம் ஓட்டுகிறேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் வாழ்கிறவர்கள் எல்லோரும் உரக்கப் பேசுவார்கள். நான் அந்தச் சத்தத்தையே சாக்காக வைத்துக்கொண்டு பேசாமல் காலத்தை ஓட்டிவிட்டேன். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் விஷயத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். புத்தூர் பஸ்ஸில் ஒருவர், நான் யாரென்று தெரியாமல், என்னிடமே சொன்னார். அவர் கதையில் நான் மேடையேறி மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் பேசியிருந்தேன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அதைச் சொல்வதற்காவது எழுத வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தின் பெற்றோர் கமிட்டிக்கு நான் சேர்மன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சேர்மனைத் தேர்ந்தெடுக்கிற அன்று இரண்டு பேர் நின்றார்கள். சண்டை முற்றியது. இவரும் வேண்டாம் அவரும் வேண்டாம், வாயைத் திறக்காத ஆளாகப் பார்த்து உட்கார வையுங்கள் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டியிருந்தது. அதனால் சேர்மன் ஆகிவிட்டேன்.

எங்களுடையது ஆந்திர அரசுப் பள்ளி. அதில் தமிழ் மீடியம் ஒரு பிரிவு. எல்லையோரத்தில் இப்படிச் சில பள்ளிகள் உண்டு. தமிழில் கணக்குச் சொல்லித்தர ஆள் கிடைப்பது கார்த்திகை மாதத்தில் மாம்பழம் கிடைப்பது போல. இந்த டீச்சர் வருவதற்கு முன்னால் டிரில் சார்தான் கணக்கு எடுத்தார். கணக்கைப் போர்டில் எழுதிப்போட்டு, விடையையும் எழுதிப்போட்டு, பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற இந்த டீச்சரின் வழி வேறு. வந்ததும் போர்டில் வேண்டுமென்றே ஒரு தப்புக் கணக்கை எழுதிவிட்டுச் சும்மா நிற்பார். பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். கடைசி பெஞ்சில் இருக்கிற பிள்ளை கண்டுபிடித்தால்தான் அடுத்த கணக்கு. என் மகளுக்கு நம்பர் என்றாலே காய்ச்சல் வரும். டீச்சர் வந்த பிறகு அவள் மளிகைக் கடைக்காரரிடம் பில்லில் தப்புக் கண்டுபிடித்துவிட்டு, நல்ல டெக்னிக் அண்ணா, எங்க டீச்சரும் இப்படித்தான் செய்வாங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

அந்த வருஷம் மகள் பத்தாவது. திருப்பதியில் பாலிடெக்னிக் சேர வேண்டும் என்று ஆசை. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அதில் ஏறக்குறைய பாதி கணக்குத்தான். டீச்சர் அந்த வருஷம் இருந்தால் மகள் தறிச் சத்தத்தைத் தாண்டிப் போவாள். இல்லாவிட்டால் எங்களோடு உட்காருவாள். எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

பள்ளி திறந்த கொஞ்ச நாளில் சித்தூரிலிருந்து ஓர் அதிகாரி லேப்டாப்போடு வந்தார். எச்.எம். எங்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார். அதிகாரி நல்ல மனிதர். பொறுமையாகச் சொன்னார். நல்ல வாத்தியார்கள் சில ஊர்களில் சேர்ந்துவிடுகிறார்கள், சில ஊர்களில் ஒருவர்கூட இல்லை. ஏழைப் பிள்ளைகள் அதிகம் இருக்கிற இடத்தில்தான் பெரும்பாலும் இல்லை. இனிமேல் டேட்டா பார்த்துச் சமமாகப் பங்கிடப் போகிறோம். ஒவ்வொரு வாத்தியாருக்கும் ஒரு கலர். நல்லவர் பச்சை, நடுத்தரம் மஞ்சள், மோசம் சிவப்பு. பச்சை இல்லாத ஊருக்குப் பச்சை இருக்கிற ஊரிலிருந்து ஒருவர் போவார்.

இதில் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது? எனக்கு நியாயமாகத்தான் பட்டது. சாந்திபுரம் பக்கம் தமிழ் மீடியத்தில் கணக்குக்கு ஒரு பச்சைகூட இல்லை என்று அவர் மேப்பில் காட்டியபோது, அங்கே என்னைப் போல ஒரு தகப்பன் இருப்பானே என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம்தான் அந்த மேப்பில் எங்கள் ஊரைப் பார்த்தேன். பளிச்சென்று பச்சையாக இருந்தது. அந்தப் பச்சை யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் ஊர்க் கலர் இப்போதைக்கு எச்.எம். எழுதிக் கொடுத்ததை வைத்துப் போட்டது, சாந்திபுரம் பக்கம் பெற்றோரைக் கேட்பது முன்பே தொடங்கிவிட்டது, இனிமேல் இங்கேயும் கலரை முடிவு செய்வதில் பெரிய பங்கு பெற்றோருக்கு என்றார். மாசம் ஒரு தடவை போன் வரும். ஒரு கம்ப்யூட்டர் குரல் ஒவ்வொரு வாத்தியாராகக் கேட்கும். நல்லவர் என்றால் ஒன்று, பரவாயில்லை என்றால் இரண்டு, மோசம் என்றால் மூன்று அமுக்க வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் பாவு நூலை முடிந்துகொண்டே கேட்டாள். தலையைத் தூக்கவில்லை.

“இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? நம்ம பொண்ணு கொழந்தையா சொம்மா கொழுகொழுன்னு இருந்தாளே. பாக்க வர்றவங்க கிட்ட நான் இன்னா சொல்லுவேன்?”

எனக்கு ஞாபகம் இருந்தது. கருவாச்சி, ஒன்றும் தின்ன மாட்டேன் என்கிறாள், ராத்திரியெல்லாம் அழுகிறாள் என்று சொல்லுவாள். கன்னத்தில் பெரிதாகக் கறுப்புப் பொட்டு வேறு வைத்திருப்பாள்.

“அதான். நல்லதை நல்லதுன்னு சொன்னா கண்ணு பட்டுடும். டீச்சருக்கும் ஒரு பொட்டு வெச்சுட்டா போச்சு. மூணை அமுக்கச் சொல்லு எல்லாரையும்.”

கமிட்டியில் யாருக்கும் இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. சொன்னவுடனே, அட ஆமாம் என்றார்கள். சித்தூர் அதிகாரிக்கு ஒரு மணி நேரம் ஆனது, எங்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கூடவே இன்னொரு யோசனையும் வந்தது. கணக்கு டீச்சருக்கு மூன்று அமுக்குகிற கையோடு சோஷியல் சாருக்கு ஒன்று அமுக்கிவிட்டால் அவர் பச்சையாகி எங்காவது போய்விடுவார்.

சோஷியல் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. பிளாட் வியாபாரம் செய்கிறவர், நடுநடுவே வாத்தியார் வேலையும் பார்க்கிறார். இந்தியா மேப் வரைந்தால் அதில் ரோடு எத்தனை அடி அகலம் என்று எழுதுவார். அசோகர் கலிங்கத்தைப் பிடித்ததைச் சொல்லிக்கொடுத்தபோது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வசதி இருந்ததா என்று பிள்ளைகள் கேட்டார்களாம். நல்ல கேள்வி என்று பாராட்டினாராம்.

போன் எப்போதும் சாயங்காலம் வரும். தறி ஓடினால் ஒன்றும் கேட்காது. ஒரு வீட்டில் போன் அடித்ததும் அந்த வீட்டுத் தறி நிற்கும். பிறகு பக்கத்து வீடு, எதிர் வீடு. தெருவே அமைதியாகிவிடும். கரண்ட் போனால்கூட அந்த அமைதி வராது, ஏனென்றால் கரண்ட் போனால் எல்லோரும் திட்டுவார்கள். அந்த அமைதியில் வீடு வீடாக ஒரே பெண் குரல் தெலுங்கில் கேட்கும், வீடு வீடாக மூன்று விழும். என் மனைவி அமுக்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் கணக்கு டீச்சர் சிவப்பானார். சோஷியல் சார் பச்சையானார். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பிள்ளைகளின் மார்க்கும் அதே டேட்டாவில் ஏறிக்கொண்டிருந்தது. பெற்றோர் மோசம் என்கிறார்கள், மார்க்கோ நிறைய. அப்படியானால் மார்க்கில் ஏதோ கள்ளம் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்துவிட்டது. சோதித்துப் பார்க்க சித்தூரிலிருந்து வேறொருவர் வந்தார்.

பிள்ளைகளுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் பேசுவது அவர்கள் காதில் விழாமல் இருக்குமா? தாங்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். வந்தவர் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிக் கணக்குக் கேட்டார். ஒவ்வொரு பிள்ளையும் சரியான விடையோடு ஒன்றைக் கூட்டிச் சொன்னது. எல்லாப் பிள்ளைகளும், எல்லாக் கணக்குக்கும். என் மகள் பின்னத்தில்கூட ஒன்றைக் கூட்டியிருக்கிறாள். டீச்சர் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம். தப்பைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு அந்தத் தப்பு புரியாமல் இருக்காது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர், இங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி தவறு செய்கிறார்கள், கற்பித்தலில் ஒழுங்கு இருக்கிறது, ஆனால் திசை தவறு என்று எழுதிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஆர்டர் வந்தது. சிவப்பு வாத்தியார்களை அப்படியே விட்டுவிட முடியாதாம். அவர்களைச் சரிசெய்யத் திருப்பதியில் ஒரு மாதம் டிரெய்னிங். கணக்கு டீச்சர் மறு திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கு வர மாட்டார். டிரெய்னிங் கொடுப்பதற்குப் பச்சை வாத்தியார்களில் சிலரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து சோஷியல் சார்.

எச்.எம். இதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார். அதேதான் இருந்தது.

கணக்கு வகுப்புக்கு டிரில் சார் திரும்பி வந்தார். போர்டில் கணக்கையும் விடையையும் எழுதினார். மகள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாயங்காலம் என் முன்னால் உட்கார்ந்தாள்.

“நைனா, இதுல தப்பு எங்க கீதுன்னு தேடிகினே இருந்தேன். தப்பே இல்ல. ஆனா எப்டி வந்துச்சுன்னு தெரியல.”

அவளுக்கு அழுகை வந்தது. என் மனைவி தறியைப் போட்டாள். அவள் அப்படித்தான், பேச்சை மாற்ற வேண்டுமென்றால் தறியைப் போட்டுவிடுவாள். அன்று அது எனக்காகவா அவளுக்காகவா என்று தெரியவில்லை. சத்தம் நின்ற பிறகு, திருப்பதிக்குப் போய் டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வா என்றாள். நானா என்றேன். சேர்மன் யார் என்றாள்.

ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். மொட்டையடித்த குடும்பங்களுக்கு நடுவில் நான் மட்டும் தலைமுடியோடு இறங்கி வழி கேட்டேன். ஒரு கல்லூரியின் ஹாலில் டிரெய்னிங். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சோஷியல் சார் வாசல் படியில் நின்று போனில் ரேணிகுண்டா ரோட்டில் ஏதோ இடத்தின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே எங்கள் கணக்கு டீச்சர் போர்டில் ஒரு தப்புக் கணக்கை எழுதிவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தார். ஹால் முழுக்கக் கைகள் உயர்ந்திருந்தன. ஒருவர் எழுந்து போய்த் திருத்தி, அதையே தன் ஊரில் வேறு விதமாகச் சொல்லித்தருவதாகக் காட்டினார். இன்னொருவர் புளியங்கொட்டைகளை மேசையில் பரப்பிக் காட்டினார். இவ்வளவு நல்ல மோசமான வாத்தியார்களை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

சோஷியல் சார் என்னைப் பார்த்துவிட்டார். போனைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்தில் வந்தார். முகம் எல்லாம் சிரிப்பு.

“சேர்மனே, வா வா. எனக்கு இன்னா தெரியும்னு இங்க கூப்ட்டாங்களோ. எல்லாத்தையும் டீச்சரம்மாவே எடுத்துக்கறாங்க. நான் டீ சொல்லி உட்டுக்கினு கீறேன். எனக்குத்தான் எல்லாரும் நல்ல மார்க்கு போடறாங்க.”

அவர் இன்னும் பச்சையாகிக்கொண்டிருந்தார்.

மதிய இடைவேளைக்குக் காத்திருக்க வேண்டுமென்று வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே அனுப்பினார். அங்கே என்னைப் போல இன்னும் சிலர் பைகளோடு நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒரு பை நிறைய தக்காளி வைத்திருந்தார். ரயில் பாகாலாவில் வெகு நேரம் நின்றுவிட்டது என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டேன். நான் ஒருவரிடம் வலியப் பேசிய முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும்.

“சாந்திபுரம் பக்கம். எங்க கணக்கு சாரு உள்ள கீறாரு.”

எப்படி என்றேன்.

“ரொம்ப மோசம்” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. என் மனைவி குழந்தையைக் கருவாச்சி என்று சொல்வாளே, அதே குரல்.

“எங்க டீச்சரம்மாவும் மோசம்தான்” என்றேன்.

அவர் என் வாழைப்பழத்தைப் பார்த்தார். நான் அவர் தக்காளியைப் பார்த்தேன். மோசமான வாத்தியாருக்கு அவ்வளவு தூரம் யாரும் தக்காளி சுமந்து வர மாட்டார்கள்.

“மூணா?” என்றேன்.

“மூணுதான். நகரி பக்கம் இழுத்துக்குவாங்கன்னு பேசிக்கினாங்க. உட முடியுமா?”

எங்கள் டீச்சரை அவர்கள் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துதான் நாங்களும் மூன்றை அமுக்கினோம் என்று சொன்னேன். இருவரும் சிரிக்கவில்லை. டீக்கடைக்குப் போனோம். பாதி டீயில் அவர் கேட்டார்.

“அப்ப நெஜமாவே ஆளு இல்லாத ஊரு ஒண்ணு இருக்குமில்ல? அது எதுன்னு இப்ப யாருக்குத் தெரியும்?”

அந்த அதிகாரியின் மேப்பை நினைத்தேன். நாங்கள் இரண்டு ஊரும் அதில் சிவப்பாக இருப்போம். உண்மையாகவே சிவப்பாக இருக்கிற ஊர் எங்களுக்கு நடுவில் தெரியாமலே போயிருக்கும். டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார். தக்காளிக்கு அப்போது நல்ல விலை.

மதியம் கணக்கு டீச்சர் வெளியே வந்தார். பழத்தைக் கொடுத்தேன். பஸ்ஸில் வரும்போது பேச வேண்டியதை எல்லாம் மனசில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. “டீச்சரம்மா, நாங்கதான்” என்று மட்டும் வந்தது.

“தெரியும் அண்ணா” என்றார். “பசங்க ஒண்ணு கூட்டிச் சொன்னாங்களே, அன்னைக்கே தெரியும். அதுவும் உங்க பொண்ணு பின்னத்துல கூட்டினா பாருங்க.” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பழத்தில் ஒன்றை உரித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்டுக்காரரும் வாத்தியார்தான். அவர் ஸ்கூல்லயும் எல்லார் போன்லயும் என் கலர் வருது. பார்த்துட்டு ஒண்ணும் கேக்க மாட்டேங்கறாங்க. அதான் கஷ்டம். நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா இத்தனை வருஷத்துல யாரும் என்னை நல்லா எடுக்கறன்னு வாயால சொன்னதில்ல அண்ணா. ஒரு தடவை ஒண்ணு அமுக்கிப் பாருங்களேன். அப்புறம் அனுப்பினா அனுப்பட்டும்.”

தலையை ஆட்டினேன். பஸ் ஏறிய பிறகுதான், நல்லா எடுக்கறீங்க டீச்சரம்மா என்று அப்போதே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. புத்தூர் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த மாதக் கடைசியில் டிரெய்னிங் முடிகிற நேரத்தில் போன் வந்தது. தெரு வழக்கம்போல வீடு வீடாக நின்றது. நான் டீச்சர் சொன்னதைக் கமிட்டியில் சொல்லியிருந்தேன், சாந்திபுரத்துக்காரர் கேட்டதையும் சொல்லியிருந்தேன். கேட்டுக்கொண்டார்களே தவிர யாரும் சரி என்று சொல்லவில்லை. பொட்டை அழித்துவிட்டுப் பிள்ளையைத் தெருவில் நிறுத்தச் சொல்கிறாயா என்று ஒருவர் கேட்டார். இப்போது எல்லோரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார்கள். மேடை, மைக் என்று சொல்கிறார்களே, அது இவ்வளவுதான். நான் ஒன்றும் பேசவில்லை. மகள் பக்கத்தில் நின்றாள். பாலிடெக்னிக் அவளுடையது, அதனால் போனை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்காமல் என் விரலைப் பிடித்து ஒன்றின் மேல் வைத்தாள். அமுக்கினேன். எதிர் வீட்டில் ஒரு பீப் கேட்டது. பிறகு வரிசையாகக் கேட்டது. எத்தனை பேர் ஒன்றை அமுக்கினார்கள் என்று பீப் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

நான் அமுக்கியதைப் பார்த்துவிட்டு என் மனைவி உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து, போனுக்குத் திருஷ்டி சுற்றி, அவற்றை அடுப்பில் போட்டாள். ரெண்டும் இருக்கட்டும் என்றாள்.

கலர் வந்தபோது கணக்கு டீச்சர் மஞ்சளாக இருந்தார். பழைய மூன்றுகளையும் புதிய ஒன்றுகளையும் கலந்தால் அதுதான் வருமாம். மஞ்சளை டிரெய்னிங்குக்கும் அனுப்புவதில்லை, வேறு ஊருக்கும் அனுப்புவதில்லை. மஞ்சளைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை என்று எச்.எம். சொன்னார். பொதுத் தேர்வு முடிகிறவரைக்கும் டீச்சர் இங்கேதான். டீச்சர் அந்தக் கலரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். இந்த முறை சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன். டீச்சர் என்ன அண்ணா என்று மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னேன்.

சோஷியல் சாருக்கு அதே நாளில் ஆர்டர் வந்தது. மாவட்டத்திலேயே மிகவும் பச்சையானவர் என்பதால், பச்சையே இல்லாத சாந்திபுரம் பக்கத்துக்கு அவரைக் கொடுத்திருந்தார்கள். அங்கே நிலம் எல்லாம் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது என்று சந்தோஷமாகப் போனார். மாலை போட்டோம். சாயங்காலம் தக்காளிக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் கவலைப்படவில்லை.

“வரட்டும். ஒண்ணு ஒண்ணா அமுக்கி அடுத்த ஊருக்குத் தள்ளி உட்டுடறோம்.”

மறுநாள் சோஷியல் பீரியடுக்கு ஆள் இல்லை. கணக்கு டீச்சரே போனார்.